எதிர்க்கடை வாசலில் ஒரு குடிநீர்க் குழாய்

ஒருவரைப் பழிவாங்கக் கிளம்பி, அவருடைய வியாபாரத்தை நானே பெருக்கிக் கொடுத்தேன். அதற்கு ஊரே எனக்கு ஓட்டு வேறு போட்டது. இப்படியொரு மடத்தனத்தைத் துடியலூரில் எனக்கு முன்னால் யாரும் செய்ததாகத் தெரியவில்லை.

மேட்டுப்பாளையம் ரோட்டில் எதிரெதிரே இரண்டு பாத்திரக்கடைகள். ஒன்று என்னுடையது, மற்றது அவருடையது. மகள் கல்யாணத்துக்கு அவர் சம்சாரத்தோடு தாம்பாளம் ஏந்திக் கடைக்குக் கடை போய் அழைத்தார். எனக்கு மட்டும் பத்திரிகை பால்காரர் கையில் வந்தது. எங்கள் பக்கம் நேரில் வந்து அழைக்காத கல்யாணத்துக்குப் போகிறவன் சோற்றுக்கு அலைகிறவன். நான் போகவில்லை. ஆனால் அன்று மண்டபத்திலிருந்து வந்த சாம்பார் வாசனையை மன்னிக்கவும் இல்லை.

உள்ளாட்சித் தேர்தல் வந்தது. வார்டு மெம்பருக்கு நின்றேன். "திடீர்னு எதுக்குங்க?" என்றவர்களிடம், "மக்கள் சேவைங்க" என்றேன். சொல்லும்போதே என் கண் எதிர்க்கடை ஷட்டர் மேல் இருந்தது. அது நிரந்தரமாக இறங்குவதைப் பார்க்க வேண்டும்.

ஜெயித்தேன். வார்டுக்கு வந்த புதுக் குடிநீர்க் குழாயை அவர் கடை வாசலை ஒட்டிப் போடவைத்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். விடியும்போதே குடங்கள் வரிசைகட்டிவிடும், சண்டை மதியம்வரை ஓடும். அவர் கடைக்குள் ஓர் ஈகூட நுழைய முடியாது என்று நம்பினேன்.

முதல் நாளே வரிசையில் ஒரு குடம் உடைந்தது. அவர் உள்ளேயிருந்து பிளாஸ்டிக் குடமொன்றை நீட்டினார். "இதுல புடிங்க அம்மணி. பச்சை வேணும்னாலும் இருக்குதுங்க."

அடுத்த வாரம் வாசலெல்லாம் கலர் கலராகக் குடங்கள் தொங்கின. பிறகு ஒரு பெஞ்சு போட்டார். உட்கார்ந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள், பார்த்தவர்கள் குக்கர் வாங்கினார்கள். அவர் கடைக்குள் நுழைய முடியாத ஈக்கள் என் கடைக்கு வந்துசேர்ந்தன. ஒருநாள் என் சம்சாரமே புதுப் பச்சைக் குடத்தோடு வந்து நின்றாள்.

மூன்று மாதம் பொறுத்துவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனேன்.

"ஏனுங்க, குழாய் உங்களுக்கு ரொம்ப இடைஞ்சலா இருக்குதுங்க. என்ற கடைப் பக்கமா மாத்திப்போடலாமுன்னு இருக்கறனுங்க."

அவர் ஒரு குடத்தைத் துடைத்தபடி, நிமிராமலே சொன்னார்:

"வேண்டாமுங்க, அடுத்த எலக்‌ஷன்லயும் நீங்களே நில்லுங்க."