வீட்டை விட்டுப் போனவள் கதை

ஓசூரில் இன்று சந்தை. பெங்களூர் பஸ் வர நேரமிருப்பதால் சரோஜம்மாவின் புத்தகக் கடைக்குள் நுழைகிறேன். சந்தைக்கு வரும் பெண்களுக்கு வாரம் ஒரு விஷயமாகக் கதை வாசித்துக் காட்டி, கன்னடத்திலும் சொல்கிறார். எந்த ஊரிலும் இப்படியொரு கடையை நான் பார்த்ததில்லை. இந்த வாரம், வீட்டை விட்டு வெளியேறிய பெண்கள்.

வாசித்துக்கொண்டிருந்த நாவலைக் கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்தி, கதாநாயகியைப் பற்றி, "இவ புருஷன்கிட்ட திரும்பிப் போகலாமா?" என்று கேட்கிறார்.

"போய்த்தானே ஆகணும்," என்கிறார் பெஞ்சில் இருக்கும் பண்ணை வீட்டு அம்மாள்.

கொத்தமல்லிக் கூடையோடு தரையில் உட்கார்ந்திருக்கும் கெலமங்கலத்துப் பெண் மெதுவாகச் சொல்கிறாள்: "வேணாங்கம்மா. நான் திரும்பிப் போனவ."

பண்ணை வீட்டு அம்மாள் நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் காட்டுகிறார். அவள் தயங்கி எழுந்து வந்து உட்கார்ந்த பிறகுதான் சரோஜம்மா பக்கத்தைப் புரட்டுகிறார்.