ஸ்கூட்டர் கையும் கருடனும்

எனக்கு ஹெலிகாப்டர் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன் என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன். தரையில் அவன் எனக்குத் தம்பி, நான் அவனுக்கு அக்கா. மேலே ஏறிவிட்டால் மட்டும் நான் அவனை சார் என்று கூப்பிட வேண்டும், அவனும் அக்கா என்று சொல்லமாட்டான். அது அவன் போட்ட சட்டம். "மேலயும் தம்பி தம்பின்னுகினு இருந்தா எனுக்குத் திட்டறதுக்கு வாய் வராதுக்கா" என்றான். திட்டுவதற்கு வசதியாக மரியாதை கேட்ட ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

செங்கல்பட்டுக்காரன். வெளிநாட்டில் பண்ணைகளுக்கு மருந்து தெளிக்கும் பழைய ஹெலிகாப்டர்களை ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவன். மாமல்லபுரத்தில் கல் சிலை ஏற்றுமதி செய்யும் எங்கள் முதலாளியும் அதே ரகத்தில் இரண்டை எங்கிருந்தோ வாங்கி, சதுரங்கப்பட்டினம் போகும் வழியில் ஒரு சவுக்குத் தோப்புக்குப் பின்னால் ஷெட் போட்டு நிறுத்தியிருந்தார். என் அம்மாவுக்கு மூத்த இயந்திரங்கள் அவை. முன்னால் பெரிய கண்ணாடிக் குமிழி, பின்னால் வால் என்று சொல்லப்படுவது வெறும் கம்பிக் கூண்டு. நடுவில் பிஸ்டன், கார்புரேட்டர், ஸ்பார்க் பிளக் என்று லாரிக்காரர்களுக்குத் தெரிந்த சாமான்களாகவே இருக்கும்.

பழைய காலத்துக் கதை எடுக்கும் சினிமாக்காரர்கள் வாடகைக்குக் கேட்பார்கள் என்று முதலாளி நினைத்திருந்தார். சினிமாக்காரர்கள் வரவில்லை, கோயில்காரர்கள் வந்தார்கள். கும்பாபிஷேகத்தன்று கோபுரத்தின் மேல் ஹெலிகாப்டரிலிருந்து பூ தூவினால்தான் ஊருக்கு மரியாதை என்று ஆகிவிட்ட காலம் இது. முதலாளிக்கு உடனடியாக ஒரு பைலட் தேவைப்பட்டது.

எனக்கு உடனடியாக ஒரு வேலை தேவைப்பட்டது. லைசென்ஸ் எடுத்துவிட்டு, பறக்க இடம் கிடைக்காமல், மறைமலை நகர்ப் பக்கம் ஓர் ஆபீஸில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஊரார் புகாரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் பைலட் படிப்பை அம்மா பெயர் சொல்லியே பேசமாட்டாள். "அந்தப் படிப்பு" என்பாள், ஏதோ வந்து போன காய்ச்சலைச் சொல்வதுபோல. ஊரப்பாக்கத்தில் தெருவில் யார் கேட்டாலும், "ஆபீஸ்ல கீறா" என்று முடித்துவிடுவாள். அதில் எனக்குக் கோபம் உண்டு. உண்மையைத்தானே சொல்கிறாள் என்பதால் இன்னும் அதிகக் கோபம்.

முதலாளி சுற்றி வளைக்காமல் பேசினார். "மேடம், திருக்கழுக்குன்றத்துக்கு அந்தாண்ட ஒரு ஊர்ல அம்மன் கோயில் கும்பாபிஷேகம் ஒத்துக்கினேன். அதுக்குள்ள நீங்க தேறினா வேலை உங்களுக்கு. இல்லாங்காட்டி பெங்களூர்லேந்து ஆள் வந்துடும்." இதைவிட்டால் எனக்கு இன்னொரு வாய்ப்பு வராது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு வந்தேன். புது ரக ஹெலிகாப்டரில் படித்தவளாயிற்றே, இந்தப் பழசைப் பத்தே நாளில் மடக்கிவிடலாம் என்று நினைத்தேன். பழசு என்னை மடக்கியது.

விஷயம் இதுதான். இடது கைப் பக்கம் ஒரு லீவர் இருக்கும். தூக்கினால் வண்டி எழும்பும், இறக்கினால் இறங்கும். புது ரகத்தில் இன்ஜின் வேகத்தை வண்டியே பார்த்துக்கொள்ளும். பழசில் அந்தச் சலுகை கிடையாது. லீவரின் நுனியில் ஸ்கூட்டர் ஆக்சிலேட்டர் மாதிரி ஒரு பிடி. லீவரைத் தூக்கும்போதே அதையும் முறுக்கி வேகத்தைக் கூட்ட வேண்டும், இறக்கும்போதே குறைக்க வேண்டும். மேலே சுற்றும் விசிறியின் வேகத்தைக் காட்ட ஒரு முள் உண்டு. முள் பச்சைக் கோட்டுக்குள் இருந்தால் பறக்கிறோம். கீழே போய்விட்டால், பறப்பதை நிறுத்திவிட்டு விழத் தொடங்குகிறோம்.

இதில் வம்பு என்னவென்றால், ஸ்கூட்டரில் பிடியை நம் பக்கம் முறுக்கினால் வேகம் கூடும். இதில் கட்டைவிரலை வெளிப்பக்கம் தள்ளினால்தான் கூடும். நேர் எதிர். நான் கல்லூரிக் காலத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவள். வலது கையின் பழக்கம் இடது கைக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது, என் மணிக்கட்டுக்குத் தனி மூளை இருந்தது.

முதல் வாரத்தில் ஒருநாள், சவுக்குத் தோப்புக்கு இந்தப் பக்கம் மணல் திடலில் தென்னை மர உயரத்தில் வண்டியை அந்தரத்தில் நிறுத்திப் பழகிக்கொண்டிருந்தேன். லேசாக இறங்கியது. லீவரைத் தூக்கினேன். முள் குறைந்தது. வேகத்தைக் கூட்ட வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. கூட்டினேன், ஸ்கூட்டர் பாணியில், என் பக்கமாக. முள் இன்னும் குறைந்தது. பதறிப்போய் இன்னும் முறுக்கினேன். அதற்குள் அவன் தன் பக்கத்து லீவரைப் பிடித்து வண்டியைத் தரைக்குக் கொண்டுவந்துவிட்டான். பொத்தென்று உட்கார்ந்தோம், கண்ணாடிக் குமிழி முழுக்க மணல்.

"எப்புடிக்கா வந்த இன்னிக்கி?" என்றான், இன்ஜினை நிறுத்திவிட்டு.

"ஸ்கூட்டர்ல."

"இனிமே ஸ்கூட்டரத் தொடாத. இது முடியற வரிக்கும் பஸ்ல வா, ரயில்ல வா, நடந்துனாலும் வா. உன் கை இன்னும் கூடுவாஞ்சேரி சிக்னல்லயே நின்னுகினு கீது."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. என்னைவிடச் சின்னப் பயல், அதுவும் தரையில் இருக்கும்போது திட்டுகிறான். பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் இறங்கி, வண்டியின் கால்களில் எங்காவது விரிசல் விட்டிருக்கிறதா என்று குனிந்து தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் இறங்கி மறுபக்கத்துக் காலைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறி, செங்கல்பட்டில் இறங்கி, பஸ் பிடித்துப் போனேன். வெயிலுக்கென்று அம்மாவின் கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் குடையைத் தொடைக்குப் பக்கத்தில் இடது கையால் பிடித்துக்கொள்வேன். பிடியைத் தூக்கி, கட்டைவிரலை வெளியே தள்ளுவேன். இறக்கி, உள்ளே இழுப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா ஒருநாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

வீட்டிலும் அதே கூத்துதான். நாற்காலியில் உட்கார்ந்து குடையைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தேன். அம்மா கீரை ஆய்ந்தபடி வேடிக்கை பார்த்தாள்.

"இன்னாடி இது, மாவு ஆட்டறியா?"

விளக்கமாகச் சொன்னேன். கேட்டதுபோலவே காட்டிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஏத்து" என்றாள். நான் குடையைத் தூக்கிக் கட்டைவிரலை வெளியே தள்ளினேன். "எறக்கு" என்றாள். இறக்கினேன். "ஏத்து. எறக்கு. ஏத்து. ஏத்துன்னேன், உள்ள இஸ்துக்கற!" என்று கத்தினாள். அதற்குப் பிறகு அது தினசரி வழக்கமாகிவிட்டது. சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் நினைத்த நேரத்தில் ஒரு "ஏத்து" வரும். நான் தூங்கி வழிந்தாலும் விடமாட்டாள். தெருவில் மட்டும் நான் இன்னும் ஆபீஸில்தான் இருந்தேன்.

கை மெல்ல மாறியது. எந்த நாளில் மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு காலை, கடலோரமாக மாமல்லபுரம் வரை போய்த் திரும்பும்போது, கீழே படகுகள் கரையேறுவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஷெட்டுக்குத் திரும்பி இறங்கிய பிறகுதான், வழியெல்லாம் முள்ளைப் பற்றிய நினைப்பே இல்லாமல் ஓட்டியிருக்கிறேன் என்பது உறைத்தது. முள் பச்சையை விட்டு அசையவில்லை. அவனும் அன்று என்னை ஒருமுறைகூடத் திட்டவில்லை. எனக்கு என்னவோபோல் இருந்தது.

தேறிவிட்டேனா இல்லையா என்று மட்டும் அவன் வாயைத் திறக்கவில்லை. கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக் ஹெலிகாப்டரின் ஒரு பக்கத்துச் சீட்டுக்கு முன்னால் குனிந்து எதையோ கழற்றிக்கொண்டிருந்தார். அவன் பக்கத்து லீவரும் திசை திருப்பும் குச்சியும் தரையில் கிடந்தன.

"இன்னா தம்பி இது?"

"பூக்கூட வெக்க எடம் பத்தலக்கா. நாந்தான் பூ போடணும். ரெண்டு கையும் வேணும்ல?" என்றான், சாதாரணமாக.

நான் சொதப்பினால் பிடித்துக்கொள்ள இனி அவன் பக்கத்தில் எதுவும் இல்லை. அவன் சான்றிதழ் தந்த விதம் அது. தண்ணீர் குடிப்பதுபோல் பானைப் பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் கிளம்பும்போது அம்மாவும் புதுப் புடவையில் நின்றாள். அவளுடைய குடையை அவளே எடுத்துக்கொண்டாள். "நா அம்மனக் கும்புடத்தான் போறேன். உன்னப் பாக்க ஒண்ணியும் வரல" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

பூ தூவுவதில் கோயில்காரர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். கோபுரத்தின் மேல் கருடன் வந்து வட்டமிட்ட பிறகுதான் கலசத்தில் தீர்த்தம் ஊற்றுவார்கள். அதற்குப் பிறகுதான் ஹெலிகாப்டர் வர வேண்டும். முன்னாலேயே வந்து அந்தச் சத்தத்தில் கருடன் வராமல் போய்விட்டால் ஊர் சும்மா விடாது. நியாயம்தான். ஆகவே நாங்கள் தள்ளி, ஓர் ஏரியின் மேல் சுற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கருடன் வந்ததும் முதலாளி போனில் மெசேஜ் அனுப்புவார்.

சாமந்தியும் ரோஜா இதழும் நிறைந்த கூடைகளோடு ஏறினோம். ஏரியின் மேல் சுற்றினோம். மெசேஜ் வந்தது. "இன்னும் வரல. வெயிட்." மறுபடி சுற்றினோம். மறுபடி அதே மெசேஜ். வெயில் ஏறியது. பெட்ரோல் முள், கிளம்பும்போது நான் எனக்கென்று வைத்துக்கொண்ட எல்லைக்கு வந்துகொண்டிருந்தது. பூ தூவிவிட்டு ஷெட்டுக்குத் திரும்பவும் வேண்டுமே.

"சார், கீழ எறங்கி நிக்கப் போறேன்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். இறங்கி இன்ஜினை நிறுத்திவிட்டால், கருடன் வந்த நொடியில் போய் நிற்க முடியாது என்று அவனுக்கும் தெரியும். முதலாளி என்ன சொல்வார் என்பதும் தெரியும். "நீதான ஓட்டற" என்றான். அவ்வளவுதான்.

ஏரிக்கரைக்குப் பக்கத்தில் அறுவடை முடிந்த வயலில் இறக்கி நிறுத்தினேன். சொல்லிவைத்தாற்போல் உடனே அவன் போன் அடித்தது. முதலாளியின் குரல் எனக்கே கேட்டது. "வந்துட்சி! கருடன் வந்துட்சி! எங்க கீறீங்க?"

பழைய இன்ஜின் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். அன்று அது தன் முழு அடத்தையும் காட்டியது. தும்மியது, இருமியது, நின்றது. பெங்களூர்க்காரர் பெட்டி கட்டுவது என் கண்ணுக்குத் தெரிந்தது. ஒருவழியாக இன்ஜின் பிடித்துக்கொண்டு, விசிறி வேகமெடுத்து, நாங்கள் கிளம்பிப் போய்ச் சேர்வதற்குள் கோபுரத்தில் எல்லாம் முடிந்திருந்தது. தீர்த்தம் தெளித்து முடித்து, ஊர் மொத்தமும் அன்னதானப் பந்தலுக்கு வெளியே வரிசையில் நின்றது.

கோபுரத்துக்கு மேலே காற்றுக்கு எதிராக வேகத்தைக் குறைத்தேன். சூடான காற்று, இரண்டு ஆள், கூடை பாரம். வண்டி தொய்ந்தது. லீவரைத் தூக்கினேன். முள் குறையத் தொடங்கியது. மணல் திடலில் நடந்த அதே கதை. பக்கத்தில் அவன் இரண்டு கையும் பூவுக்குள் இருந்தன. என் காதில் "ஏத்து" என்று கேட்டது. கட்டைவிரல் தானாக வெளியே போனது. முள் நின்றது, யோசித்தது, பச்சைக்குத் திரும்பியது. வண்டி அப்படியே நின்றது.

"கொட்றேன்கா!" என்றான். மேலே இருக்கிறோம் என்பதை மறந்து அக்கா என்றுவிட்டான்.

பூ கோபுரத்தில் விழுந்தது, மீதியைக் காற்று அன்னதான வரிசைக்குக் கொண்டுபோனது. பூ தலையில் விழுந்தது, இலையில் விழுந்தது, சாம்பார் வாளியிலும் விழுந்திருக்கும். ஆட்கள் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார்கள். ஒருத்தரும் வரிசையை மட்டும் விடவில்லை. கோயில் முன்னால் வெட்டவெளி காலியாகக் கிடந்தது. அதன் நடுவில் ஒரே ஓர் ஆள், மடக்கிய கறுப்புக் குடையோடு, அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தாள்.

பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கினோம். முதலாளி வேகமாக வந்தார். திட்டத்தான் வந்தார். அதற்குள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் நடுவில் புகுந்து, "எங்க கோயிலுக்கும் இதே மாரி வேணும். சாப்பாட்டு டயத்துலயே வரணும். அப்பத்தான் எல்லார் மேலயும் வுழுது" என்றார். முதலாளி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க பைலட் அம்மா டயம் பாத்துத்தான் வருவாங்க" என்றார். பெங்களூர்க்காரரைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

அம்மா மைதானத்துக்கு மெதுவாக நடந்து வந்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"சாப்டியா?" என்றேன்.

"இல்ல."

"கும்பாபிஷேகந்தான் முடிஞ்சிடுச்சே. வெயில்ல ஏம்மா நின்ன? கொடையாவது விரிச்சிருக்கலாம்ல?"

"எல்லாரும் கருடனப் பாத்தாங்க, சாப்புடப் போய்ட்டாங்க. நா பாக்க வந்தது வரலியேன்னு நின்னுகினு இருந்தேன்" என்றாள்.

கூட வந்திருந்த ஊரப்பாக்கத்து அம்மாள் ஒருத்தி எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "இன்னாக்கா, பொண்ணு ஆபீஸ்லன்னியே?"

அம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையில் குடையை இடுப்போரமாக அழுத்திப் பிடித்திருந்தாள். கட்டைவிரல் இன்னும் வெளிப்பக்கமே திரும்பியிருந்தது.