புதியவர் என்றொரு கட்டம்

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் கிறிஸ்தவ வீடு எங்களுடையது ஒன்றுதான். என் தாத்தாவின் அப்பா காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பம். எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட வேண்டும். கைப்பிடி அரிசி என்போம். மாதக் கடைசி ஞாயிறு அதைக் கோயிலில் கொடுத்தால், மிஷனெரிகள் வேலை செய்யும் பணித்தளத்துக்கு அனுப்புவார்கள். பணித்தளம் என்றால் எங்கோ வடக்கே மலையும் காடுமான இடம் என்றுதான் ஐம்பது வயதுவரை நினைத்திருந்தேன். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் என் மனைவி அந்தப் பிடியை விட்டதில்லை.

எனக்கு ஐம்பது வயதான வருடம் பெய்த பெருமழையில் இடுப்பளவு தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. வடிந்த பிறகு பார்த்தால் அரிசி டிரம், டப்பா எல்லாம் ஊறி நாறின. பிரசவத்துக்கு வந்திருந்த மகள், பிறந்து பத்து நாளான குழந்தையோடு மாடிவீட்டுக்காரர் கொடுத்த மூலையில் படுத்திருந்தாள். இரண்டு நாள் பிஸ்கட்தான். பால் சுரக்கவில்லை என்று அழுதாள். எங்கள் போதகர் வீடே தண்ணீரில் கிடந்தது.

மூன்றாம் நாள், நகரத்தின் தென்பக்கத்துப் பெரிய சபையொன்றிலிருந்து வேன் வந்தது. அதன் பக்கவாட்டில் ஒரு பேனர்: "வடசென்னைப் பணித்தளம்." அதைப் படித்துவிட்டுத்தான் வரிசையில் நின்றேன்.

எனக்குப் பின்னால் பக்கத்து வீட்டு பாய்.

"இன்னா மாமு, உங்க ஆளுங்க வண்டிதானே? உள்ள போயி மூட்டை எறக்காம என்கூட லைன்ல நின்னுகினு கீறே?"

"அவங்க வேற சபை, பாய்."

"அதுல வேற வேறயா? நல்லா கீதுபா உங்க கதை."

முன்னால் ஒரு இளம்பெண் அட்டையில் படிவம் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். "அண்ணா, நீங்க விசுவாசியா, புதியவரா?"

"எதுக்கும்மா?"

"இது நற்செய்தி கேட்காத புதியவங்களுக்குக் குடுக்கிற பை, அண்ணா. விசுவாசிகளுக்கு அவங்கவங்க சபையில பாத்துப்பாங்க."

எனக்கு யாரிடமும் எதிர்த்துப் பேச வராது. அன்று பேசியிருக்கலாம். "புதியவர்" என்று சொன்னேன். அவள் அந்தக் கட்டத்தில் டிக் போட்டாள். பையைக் கையில் கொடுத்து, போட்டோவும் எடுத்தார்கள்.

பாய் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திரும்பி வரும்போது, "ஒரு நிமிசத்துல மதம் மாறிட்டியே மாமு" என்றார். சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் என்னைப் பால்பவுடர் கிறிஸ்தவன் என்பார்கள். என் முன்னோர் பால்பவுடருக்காக மாறினார்களாம். அதற்காக ஒருவனை அடித்தும் இருக்கிறேன். இப்போது அரிசிக்காக அதே கிறிஸ்துவை விட்டிருந்தேன். எங்கள் கோயில் தமிழில் அதற்கு மறுதலிப்பு என்று பெயர்.

மகள் அன்று கஞ்சி குடித்தாள். குழந்தைக்குப் பால் கிடைத்தது.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண்ணும் அவர்கள் சபையின் மூப்பர் ஒருவரும் வீடு தேடி வந்தார்கள். சுவரில் இருந்த வசனக் காலண்டர் தண்ணீரோடு போயிருந்தது. வீட்டைப் பார்த்தும் அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. பரமண்டல ஜெபத்தை வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் அன்றுதான் கேட்பவன்போலத் தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். பேசத் தொடங்கிய வயதிலிருந்து சொல்லிவரும் ஜெபம். அதைத் தப்பாகச் சொல்லக் கஷ்டப்பட்டேன்.

சொல்லும்போது எங்கள் கோயில் சுவரில் பதித்த கல் ஞாபகம் வந்தது. கப்பலில் வந்த மிஷனெரியின் பெயர் அதில் பெரிதாக இருக்கும். கீழே, அவர் ஆதாயப்படுத்திய, அதாவது கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவந்த, ஆத்துமாக்கள் எத்தனை என்று ஒரு எண். என் தாத்தாவின் அப்பா அந்த எண்ணுக்குள் எங்கோ இருக்கிறார். அவர் என்ன பசியோடு போனார், யாருடைய தெருவுக்குள் நடக்க முடியாமல் போனார் என்று கல்லில் எழுதவில்லை. அந்த மிஷனெரி கேட்டிருப்பாரா என்றும் தெரியாது. சபை சரித்திரம் என்று எங்களுக்குப் படித்துக்காட்டியதெல்லாம் வந்தவர்களின் கதைதான்.

"எவ்ளோ சீக்கிரம் கத்துக்கிட்டீங்க, அண்ணா!" என்று அந்தப் பெண் நிஜமாகவே சந்தோஷப்பட்டாள்.

என் மனைவி அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். "போதும்யா. இந்தாம்மா, இந்த மனுசன் ஞானஸ்நானம் வாங்குனதே கைக்கொயந்தையில. பச்ச ஒடம்புக்காரி பசியில கெடந்தா, அதான் பொய் சொல்லிக்கீறாரு. தப்புதான். எங்கள மன்னிச்சுக்கங்க. எங்க பொண்ணுக்கோசரம் ஜெபம் பண்ணிட்டுப் போங்க."

திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மூப்பர் அந்தப் பெண்ணிடம் திரும்பி, "அப்போ புதியவங்க லிஸ்ட்லேர்ந்து இவரை எடுத்துடும்மா. அறிக்கை அனுப்பறதுக்கு முன்னாடி தெரிஞ்சது நல்லதாப் போச்சு" என்றார். அவள் என் பெயரின் மேல் கோடு போட்டாள். முகம் வாடியிருந்தது. உள்ளே குழந்தை அழுதது. அது ஆணா பெண்ணா என்றுகூட இருவரும் கேட்கவில்லை.

"சரிங்க, உங்க சபையில உண்மையா இருங்க" என்று சொல்லி மூப்பர் எழுந்தார். என் மனைவி சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்து, கண்ணை மூடி, கைகூப்பி நின்றிருந்தாள். அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.