ஒன்பது சிங்கப்பூர் சிப்

1. மூன்றாவது கட்டம்

எண்பதுகளின் கடைசியில் காரைக்காலில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் இன்ஜினியராக இருந்தேன். அந்தக் கடையின் ரிப்போர்ட் ஃபாரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோளாறுக்குக் காரணம் என்று அதில் மூன்றே கட்டங்கள்: ஹார்டுவேர், கரண்ட், ஆபரேட்டர் மிஸ்டேக். எது புரியாவிட்டாலும் மூன்றாவதில் டிக் அடித்துவிட்டு வர வேண்டும் என்பது எங்கள் முதலாளியின் உத்தரவு.

கடைத்தெருவில் ஒரு டிராவல்ஸ் எங்கள் கஸ்டமர். வளைகுடா வேலைக்குப் போகிறவர்களின் பெயர், பாஸ்போர்ட் எண்ணெல்லாம் அங்கே பட்டியலாக அடிப்பார்கள். பட்டியல் நீண்டு மெமரி போதவில்லை. மதர்போர்டில் ஒன்பது மெமரி சிப் இருந்தன. பக்கத்தில் இன்னும் ஒன்பதுக்கு இடம் காலி. டிராவல்ஸ் நடத்திய மரைக்காயர், சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்த சிப்புகளை என்னிடம் நீட்டினார்.

"ஃபாரின் சாமான் தம்பி. கண்ண மூடிக்கிட்டு மாட்டுங்க."

அப்படித்தான் மாட்டினேன். சிப்பின் முதுகில் இருந்த 41256 என்ற எண் பழையதோடு பொருந்தியது. அதோடு விட்டேன்.

அந்த வாரமே தொல்லை ஆரம்பித்தது. திரையில் 'பாரிட்டி செக்' என்று மெமரிப் பிழை காட்டிவிட்டு மெஷின் அப்படியே நின்றுவிடும். அடித்ததெல்லாம் போய்விடும். நான் போய்ப் பார்த்தால் ஒழுங்காக ஓடும். மரைக்காயர் கடிதம் அடித்தாலும் ஓடும். பட்டியல் அடிக்கும் ஸ்டெல்லாவிடம் மட்டும் நிற்கும். இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்தேன்.

2. ஸ்டெல்லா கேட்டது

மூன்றாம் முறை போனதும் மரைக்காயர் சொன்னார்: "ஒங்க ரிப்போர்ட்டே சொல்லுதே தம்பி. அந்தப் புள்ளய மாசக் கடைசியோட நின்னுக்கச் சொல்லிட்டேன்."

ஸ்டெல்லா வரிச்சிக்குடியிலிருந்து பஸ்ஸில் வருபவர். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான். அவர் அழவில்லை. ஒரு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"நான் எந்தக் கீய தப்பா அழுத்துனேன்னு சொல்லுங்க சார். எழுதிக்கிறேன். இனிமே அழுத்த மாட்டேன்."

என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. என்னய்யா இன்ஜினியர் நான்? இரண்டு முறை வந்தும் மூடியைக் கழற்றவில்லை!

இப்போது கழற்றினேன். பழைய சிப்பில் எண்ணுக்குப் பின்னால் 15 என்று இருந்தது. சிங்கப்பூர் சிப்பில் 20. அதாவது, 150 நானோசெகண்டில் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் 200 எடுத்துக்கொள்ளும் மந்தமான சிப். சின்னக் கடிதம் பழைய வரிசையிலேயே அடங்கிவிடும். நீளமான பட்டியல்தான் புது வரிசைக்குப் போய்த் தடுக்கி விழும்.

கடைக்கு ஓடி, டெமோ மெஷினிலிருந்து 15 போட்ட ஒன்பதைக் கழற்றிவந்து மாட்டினேன். ஸ்டெல்லா சாயங்காலம் வரை அடித்தார். மெஷின் ஒருமுறைகூட நிற்கவில்லை.

"அதான் சரியாயிடுச்சுல்ல, விடுங்க தம்பி. அந்தப் புள்ளயும் இருந்துட்டுப் போவட்டும்" என்றார் மரைக்காயர். ஏதோ பெரிய மனது பண்ணி மன்னிக்கிறாராம்! மன்னிக்க அந்தப் பெண் என்ன செய்தார்?

ஃபாரத்தில் மூன்று கட்டங்களையும் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே கையால் எழுதினேன்: 'இன்ஜினியர் மிஸ்டேக். சிப்பின் வேகம் பார்க்காமல் மாட்டியது. முந்தைய இரண்டு ரிப்போர்ட்டும் தவறு.' கையெழுத்தும் போட்டேன்.

எங்கள் முதலாளி குதித்தார். "அப்புடி ஒரு கட்டமே நம்ம ஃபாரத்துல கெடையாதேய்யா!"

"அடுத்த தடவ அச்சடிக்கும்போது சேத்துடுங்க சார்" என்றேன்.

இன்று மெமரி வாங்கும் இளைஞர்களுக்குச் சொல்வது இதுதான். எங்கிருந்து வந்த சாமானாக இருந்தாலும் அதன் எண்ணைக் கடைசி இலக்கம் வரை படியுங்கள். மெஷின் முன் உட்கார்ந்திருப்பவர் மேல் பழி போடும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்.

ரிப்போர்ட்டின் கார்பன் காப்பியை ஸ்டெல்லா கேட்டு வாங்கிக்கொண்டார். அதை மடித்து வைக்க நோட்டைத் திறந்தபோது நானும் பார்த்தேன். 'அழுத்தக் கூடாத கீ' என்று தலைப்புப் போட்டு, கீழே 1 என்று எழுதி, மீதியைக் காலியாக விட்டிருந்தார்.