பெரியப்பா ஹவாயில் இருந்த காலம்

எங்கள் வீட்டில் ஹவாய் மொழி தெரிந்தவர் பெரியப்பா ஒருவர்தான். 2009ஆம் ஆண்டு, லண்டன் ஈஸ்ட் ஹாமில், சோபாவை விட்டு எழும்பாமலே அவர் அதைப் பேசினார்.

அந்தக் குளிர்காலத்தில் அவருக்குப் பாரிசவாதம் வந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கை மடியில் சும்மா கிடந்தது. வாயிலிருந்து ஆ, ஓ, மா, லோ என்று சில ஒலிகள் மட்டுமே வந்தன. புடவைக் கடை வைத்து வாயாலேயே பிழைத்த மனிதர். பெரியம்மா அவர் முன்னால் அமர்ந்து, "தண்ணி எண்டு சொல்லுங்கோ, தண்ணி" என்பார். அவர் "ஆ... ஈ" என்பார். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அதே நாட்களில் பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு மொழியைக் கொடுத்து, அதன் எழுத்துகளைப் படித்து வரச் சொன்னார்கள். எனக்கு ஹவாய் வாய்த்தது. மொத்தம் பதின்மூன்றே எழுத்துகள். தமிழ்ப் பள்ளியில் இருநூற்று நாற்பத்தேழோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. ஐந்து உயிர்கள், ஏழு மெய்கள், கடைசியாகத் தொண்டையில் ஒரு சின்ன அடைப்பு. அதுவும் ஓர் எழுத்துத்தானாம். எந்தச் சொல்லும் மெய்யில் முடியாது. த கிடையாது, ச கிடையாது, ர கிடையாது. சோபா நுனியில் இருந்து உரக்கப் படித்தபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெரியப்பாவிடம் மிச்சமிருந்தவை இந்த எழுத்துகள்தாம், தொண்டை அடைப்பு உட்பட.

"பெரியப்பாவுக்கு ஒண்டுமில்லை. அவர் ஹவாய் கதைக்கிறார்," என்றேன்.

"விசர்க் கதை கதையாதை, பிள்ளை," என்றார் பெரியம்மா. ஆனால் பெரியப்பா இடப்பக்க வாயால் சிரித்தார்.

அதன்பிறகு பின்னேரங்களில் நாங்கள் இருவரும் அந்தத் தீவில் வசித்தோம். நான் "அலோஹா" என்பேன், அவர் "ஆ... லோ... ஆ" என்பார். மழை வழியும் ஜன்னல் கண்ணாடியில் பஸ்களின் சிவப்பு கரைந்து ஓடும். எனக்கு அது கடல். உயிரெழுத்துகளை நீட்டி நீட்டிச் சொல்லியபடியே சிலவேளை இருவரும் தூங்கிப்போவோம். அவ்வளவு சந்தோஷமாக நான் பிறகு எந்த மொழியிலும் இருந்ததில்லை.

குளிர் விட்ட ஒருநாள், பெரியம்மா கோப்பையை நீட்டியபோது பெரியப்பா, "தேத்தண்ணி" என்றார். தெளிவாக.

பெரியம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "இன்னொருக்கால் சொல்லுங்கோ." அவர் சொன்னார். அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தார். எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன், ஆனால் என் அழுகை வேறு. ஹவாயில் த இல்லையே. அவர் அந்த மொழியை மறக்கத் தொடங்கிவிட்டார். தீவில் இனி நான் தனி.

பெரியப்பா என்னைக் கவனித்துவிட்டார். இடக்கையால் அருகே அழைத்து, "ஆ, ஏ, ஈ, ஓ, ஊ" என்றார் மெதுவாக. எனக்கு நிம்மதியாயிற்று.

அந்த எழுத்துகளுக்குள்தான் ஒரு குளிர்காலம் முழுக்க அவர் அடைபட்டுக் கிடந்தார் என்பதும், வெளியே வந்த அன்றைக்கே எனக்காகத் திரும்பவும் உள்ளே போனார் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. ஊவை இன்னும் கொஞ்சம் நீட்டவேண்டும் என்று திருத்தினேன். அவர் நீட்டினார்.