குறை எனக்குத்தான் என்று சொன்ன நாள்

கல்யாணமாகி ஆறு வருடங்கள், குழந்தை இல்லை. ஐந்து வருடமாக என் மனைவிதான் ஆஸ்பத்திரிக்கு அலைந்தாள். அவளிடம் கோளாறு எதுவுமில்லை என்று தெரிந்தபின், கணவரும் வரவேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். நான் அவளிடம் சொல்லாமல், கடையில் அரைநாள் லீவு போட்டுவிட்டு, கண்டியில் ஒரு தனியார் கிளினிக்குக்குத் தனியாகப் போனேன்.

கழிவறையை ஒட்டிய சின்ன அறை. கையில், விந்து எடுத்துக் கொடுக்க, இலக்கம் ஒட்டிய போத்தல். கதவுக்கு வெளியே யாரோ சிங்களத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். போத்தலை நீட்டியபோது தாதியின் முகத்தை நான் பார்க்கவில்லை.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அறிக்கையைப் பார்த்துவிட்டு, "விந்தணு நல்லாக் குறைவு, தம்பி," என்றார். படுக்கவைத்துப் பரிசோதித்தார். விதைப்பைக்கு மேலே நாளங்கள் புடைத்திருக்கின்றனவாம். "ஒப்பரேஷன் செய்து கட்டலாம். சிலருக்கு அணு கூடும், சிலருக்குக் கூடாது. ஆறு மாசம் பார்ப்பம். சரிவராட்டி, ஒரேயொரு அணுவை எடுத்து ஊசியால முட்டைக்குள்ள வைக்கிற முறையும் இருக்கு."

"என் பிழையா டாக்டர்?"

"வருத்தம் வாறதில என்ன பிழை? இதுவும் ஒரு நோய்தானே."

வீட்டுக்குத் திரும்பிய கலஹா பஸ்ஸில் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். வழியெல்லாம் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். அறிக்கையை அலுமாரியில் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன். மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் சாப்பிடும்போது அம்மா மனைவியிடம், "கோயிலுக்கு இன்னொரு நேர்த்தி வையி. வயித்தில ஒரு புழு பூச்சி தங்கலையே," என்றார். சோறு போட்டுக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது.

"அவகிட்ட ஒன்னுமில்லம்மா. குறை எனக்குத்தான்."

"பொண்டாட்டிய காப்பாத்த பொய் சொல்லாத."

எழுந்துபோய் அறிக்கையை எடுத்துவந்து காட்டினேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

பின்புறம் தட்டுக் கழுவிக்கொண்டே மனைவி கேட்டாள். "எத்தன நாளா தெரியும்?"

"மூணு வாரமா."

"மூணு வாரமும் நான் பேச்சு வாங்குறத பாத்துக்கிட்டுத்தான் இருந்தீங்க."

அவள் கழுவி வைத்த தட்டுகளை எடுத்து உள்ளே கொண்டுபோனேன்.

ஒப்பரேஷனுக்கு அவள் கூடவே வந்தாள். ஆறு மாதத்தில் எண்ணிக்கை கொஞ்சம் கூடியது, போதுமான அளவு இல்லை. இப்போது ஊசி முறைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். ஒன்றாகவே போய் வருகிறோம். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறாள், டாக்டர் சொன்ன மாத்திரைகளை ஞாபகப்படுத்துகிறாள். வேறு பேச்சு அதிகமில்லை. என்னை மன்னித்துவிட்டாளா என்று கேட்க இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.