சந்தனம் வைத்த பூட்ஸ்

ஏனாத்தூர் அர்ஜுனனுக்குக் கடைசிவரை கால்விரல் பத்தும் இருந்தன. அவனோடு வேலை பார்த்தவர்களில் அப்படிச் சொல்லிக்கொள்ளக் கூடியவர்கள் அதிகம் இல்லை.

ஐயம்பேட்டை போகும் சாலையில் அப்போது ஓர் இரும்பு வார்ப்புப் பட்டறை இருந்தது. பம்புசெட்டு உறுப்புகளை வார்ப்பார்கள். மழை பொய்த்து நிலம் காய்ந்ததும், அறுபத்தாறாம் வருஷம் அர்ஜுனன் அங்கே சேர்ந்தான். உருகிய இரும்பை உலையிலிருந்து பெரிய வாளியில் பிடித்து, அது மாட்டிய தண்டின் இரு முனையையும் இரண்டு பேர் தூக்கிப்போய் மண் அச்சுகளில் ஊற்றவேண்டும். முன்னால் அர்ஜுனன், பின்னால் அக்பர். இருவரும் வெறுங்கால்.

முதலாளி ஆதிகேசவனுக்கு உலைதான் அம்மன். செருப்பை வாசலிலேயே விட்டுவிடவேண்டும். வெள்ளிக்கிழமை உலையைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் தெளித்து, கற்பூரம் காட்டிய பிறகே முதல் வார்ப்பு. ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வந்து சத்தம் போட்டதில், விரல் பக்கம் இரும்புத் தகடு வைத்த தோல் பூட்ஸ்களை வாங்கி வந்தார். அவை ஆணியில் தொங்கின. ஆயுத பூஜையன்று அவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். இன்ஸ்பெக்டரின் ஜீப் சத்தம் கேட்டால் மாட்டிக்கொள்ளவேண்டும். ஜீப் போனதும் கழற்றித் துடைத்துத் தொங்கவிடவேண்டும்.

"மாட்டுத்தோலை மாட்டிக்கினு அம்மன் எதிர்ல நிப்பீங்களாடா?" என்பார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல முதலாளி, நான் மாட்டிக்கிறேன்" என்று அக்பர் சிரிப்பான்.

"நீயும் இங்கதானப்பா சோறு துன்றே?"

ஒரு வெள்ளிக்கிழமை அது நடந்தது. தரையில் மஞ்சள் தண்ணீர் இன்னும் காயவில்லை. வாளி தளும்பி, சிந்திய இரும்பு அந்த ஈரத்தில் விழுந்தது. ஈரம் ஆவியாகி வெடித்து இரும்பை வாரி அடித்தது. அர்ஜுனன் கையில் தண்டு உதறியது. பின்னால் அக்பர் அலறினான். ஆனால் பிடியை விடவில்லை. விட்டிருந்தால் வாளி மொத்தமும் அர்ஜுனன் காலில் கொட்டியிருக்கும். வாளியைத் தரையில் இறக்கிய பிறகுதான் அக்பர் விழுந்தான். அவன் இடது காலிலிருந்து வந்த நாற்றம் அர்ஜுனனின் தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

"அம்மனுக்கு ஏதோ குறை வச்சிட்டோம்" என்றார் ஆதிகேசவன். குறை தீர, உலைக்கு முன்னால் சர்க்கரைப் பொங்கல் படைத்து எல்லோருக்கும் இலையில் கொடுத்தார். நெய் வாசனையும் அந்த நாற்றமும் ஒன்றாகக் கலந்தன. அர்ஜுனன் வெளியே ஓடி வாந்தி எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் அக்பரின் விரல்களை எடுத்துவிட்டார்கள். வராந்தாவில் அவன் மனைவி ஜோஹரா கேட்டாள்.

"பூட்ஸ் இருந்துச்சாமே அண்ணே?"

"இருந்துச்சுமா."

"எங்க?"

"ஆணியில."

அவள் முந்தானையை இழுத்துக்கொண்டு உள்ளே அக்பரிடம் போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை. கற்பூரம் அணைந்தது, இரும்பு உருகித் தயாராக இருந்தது. அர்ஜுனன் ஆணியிலிருந்து ஒரு ஜோடியை இறக்கினான். குங்குமம் உதிர்ந்தது. பூட்ஸை மாட்டி, அதன் வாய்க்குள் எதுவும் விழாதபடி முழங்காலிலிருந்து காய்ந்த சாக்கைச் சுற்றித் தொங்கவிட்டான்.

"இன்னாடா பண்றே? கழட்டு!"

"கழட்டறேன் முதலாளி. தண்டை இந்தப் பக்கம் நீங்க புடிங்க. வேட்டிய மட்டும் தூக்கிக் கட்டிக்குங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உருகிய இரும்பு காத்திருக்காது. உலை வயிற்றிலேயே இறுகிவிட்டால் உலையையே உடைத்துத்தான் எடுக்கவேண்டும். ஆதிகேசவன் உலையைப் பார்த்தார், தன் வெறுங்காலைப் பார்த்தார், பூஜை மணியை எடுத்துக்கொண்டு அலுவலக அறைக்குள் போய்விட்டார்.

அக்பர் இடத்துக்கு வந்த தர்மன் இன்னொரு ஜோடியை எடுத்தான். "எனக்குப் பெருசா இருக்குதுண்ணே."

"துணி சுத்திக்கோ."

காய்ந்த மணலைக் கூடையில் வாரி வந்து மஞ்சள் ஈரத்தின்மேல் கொட்டிவிட்டுத்தான் அர்ஜுனன் தண்டைத் தொட்டான்.

சாயங்காலம் ஆதிகேசவன் சொம்போடு வந்து, பூட்ஸ் மிதித்த இடமெல்லாம் தீட்டுக் கழியத் தண்ணீர் தெளித்தார். மறுநாள் காலை அர்ஜுனன் மணலோடு வந்தான். அவர் தெளிப்பதும் இவன் கொட்டுவதுமாகவே அந்தப் பட்டறை ஓடியது. ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பவன், உலைக்கு முன்னால் ஒருநாளும் பூட்ஸைக் கழற்றவில்லை. ஆதிகேசவன் பொங்கல் இலையை நீட்டினால் வாங்கமாட்டான்; தொண்டையில் ஒட்டிய அந்த நாற்றத்தை, அவர் பார்க்க வெளியே போய்த் துப்பிவிட்டு வருவான்.